அக்கிக்கு மூன்று நாள்

எங்கள் பக்கத்தில் அக்கிக்கு மருந்து போடுவதில்லை, அக்கியை எழுதுவார்கள். மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுத் திண்ணையில் நோயாளியை உட்கார வைத்து, செங்காவியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கொப்புளம் கிளம்பிய இடத்தை வளைத்துப் பூசுவார்கள். சில ஊர்களில் அதன்மேல் ஒரு சிங்கமும் வரைவதுண்டு. அக்கி என்பது அக்கினி தேய்ந்த சொல். உடம்பில் பற்றிய நெருப்பு மண்ணுக்கு அடங்கும், அதிலும் நாள் முழுக்க மண்ணிலும் சூளையிலும் கிடக்கிறவர் கைக்கு அடங்காமல் போகாது என்பது நம்பிக்கை.

ஆரல்வாய்மொழியில் என் சித்திக்கு வலது விலாவில் எரிச்சல் கண்டபோது முதலில் வாயுப்பிடிப்பு என்றுதான் நினைத்தாள். தைலம் தேய்த்தாள். இரண்டு நாள் கழித்து முதுகிலிருந்து மார்புவரை ஒரு பட்டையாகக் கொப்புளம் வந்தது. அடுத்த வீட்டுப் பெரியம்மை பார்த்துவிட்டு, "இது அக்கியில்லா பிள்ளே! எழுதிட்டு வா, மூணு எழுத்துல இறங்கிரும்" என்றாள். (எங்கள் ஊரில் பெரியம்மை என்றால் உறவு. நோயின் பெயரும் அதுவே என்பதால் இப்படிப்பட்ட கட்டுரையில் சொல்லிவிடுவது நல்லது.) ஒரு நாளைக்கு ஓர் எழுத்து. மூன்று எழுத்துக்கு மூன்று நாள். நாலாம் நாள்தான் சித்தி டாக்டரிடம் போனாள்.

காவியோடு எனக்குச் சண்டை கிடையாது. குளிர்ந்த மண் எரிகிற தோலுக்கு இதமாகத்தான் இருக்கும். உடைந்த கொப்புளத்தில் அழுக்கு மண் பட்டால் சீழ் பிடிக்கும் என்பதை மட்டும் சொல்லிவைக்கலாம். எழுதினால் அக்கி இறங்குகிறது என்பதும் பொய்யில்லை. எழுதாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் கொப்புளம் தானே காய்ந்து உதிரும் என்பது சேர்த்துச் சொல்லப்படுவதில்லை, அவ்வளவுதான். என் கணக்கு வேறு. எழுதப் போன அந்த மூன்று நாள், அதாவது 72 மணி நேரம், இந்த நோயில் மாத்திரைக்கு உரிய நேரம். அது போனால் திரும்புவதில்லை.

ஏன் 72 மணி நேரம் என்று கேட்டால், அக்கி எங்கிருந்து வருகிறது என்பதில் தொடங்க வேண்டும். சிறு வயதில் சின்னம்மை வந்திருக்கும். வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, பிள்ளையை வேப்பிலையில் கிடத்தி, கொப்புளம் ஆறியதும் தண்ணீர் ஊற்றி, அம்மன் இறங்கிவிட்டாள் என்று எல்லோரும் நிம்மதியாகியிருப்பார்கள். வைரஸ் இறங்குவதில்லை. தோலிலிருந்து நரம்பு வழியே ஏறி, முதுகெலும்பின் ஓரத்திலுள்ள நரம்பு முடிச்சுகளில் போய் ஒடுங்கிக்கொள்கிறது. அங்கே அது பெருகுவதில்லை, தின்பதில்லை, தொந்தரவு தருவதில்லை. நாற்பது ஐம்பது வருஷம் அப்படியே கிடக்கும். வயது ஏறி, அல்லது சர்க்கரை நோய், எச்ஐவி, புற்றுநோய் மருந்து, நீண்டநாள் ஸ்டீராய்டு என்று ஏதோ ஒன்றால் உடம்பின் காவல் தளரும்போது, ஏதாவது ஒரு முடிச்சில் விழித்துக்கொண்டு, ஏறிப்போன நரம்பு வழியே இறங்கி வருகிறது. ஒரு நரம்பு, அது பரவியிருக்கும் ஒரு பட்டைத் தோல். அதனால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் வாரைப் போலக் கிடக்கிறது. ஹெர்பீஸ் சோஸ்டர் என்ற அதன் மருத்துவப் பெயரில் இருக்கும் 'சோஸ்டர்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அரைக்கச்சை என்றுதான் பொருள்.

அக்கியின் தலையும் வாலும் இடுப்பைச் சுற்றிச் சேர்ந்துவிட்டால் ஆள் பிழைக்கமாட்டார் என்று ஒரு பயம் உண்டு. சீனாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் இதே நோயை இடுப்பைச் சுற்றும் பாம்பாகப் பார்க்கிறார்கள். நல்ல வேளையாக, வலப்பக்க நரம்பு முதுகெலும்பின் வலப்பக்கம் புறப்பட்டு, உடம்பின் நடுக்கோடு வரை வந்து நின்றுவிடுகிறது. தலையும் வாலும் சேர வழியே இல்லை. அபூர்வமாகச் சேர்ந்தது போலத் தெரிந்தால் இரண்டு பக்க நரம்பும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஏன் அவ்வளவு இறங்கியது என்று டாக்டர் தேடிப் பார்ப்பார். பாட்டிகளின் பயத்தில் அந்த அளவுக்குச் சாரம் இருக்கிறது.

சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸின் இரண்டு முகம், இடையில் அது உறங்குகிறது என்பதை அழுத்தமாக நிறுவியவர் பெரிய ஆய்வுக்கூடத்துக்காரர் அல்லர். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் குடும்ப வைத்தியம் பார்த்த எட்கர் ஹோப்-சிம்ப்சன். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை 16 வருஷம் விடாமல் குறித்துவைத்தார். மொத்தம் 192 பேர். ஊரில் சின்னம்மை பரவும் காலத்துக்கும் அக்கி வருவதற்கும் தொடர்பில்லை, வயது ஏறஏற அக்கி கூடுகிறது என்று கண்டு, இது வெளியிலிருந்து தொற்றுவது இல்லை, உள்ளே கிடந்தது விழிப்பது என்று 1965-ல் எழுதினார். எங்கள் தோவாளை தாலுகாவில் வீடு வீடாகத் தெரிந்துவைத்திருந்த பழைய டாக்டர்களை எனக்கு நினைவிருக்கிறது. அவர்களில் யாராவது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து இப்படி எழுதியிருந்தால் நமக்கு என்னென்ன கிடைத்திருக்கும் என்று யோசிப்பேன்.

இனி மாத்திரை. அசைக்ளோவிர் என்பது அதன் பெயர். அதன் பின்னால் இருந்த கெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்கப் பெண்மணி முனைவர் பட்டம் வாங்காதவர். பெண் என்பதால் ஆய்வு வேலை கிடைக்காத காலத்தில், மளிகைக் கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலை பார்த்தார். 1944-ல் பர்ரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே ஹோவர்ட் ஷாஃபர் உருவாக்கிய ஒரு சேர்மம் ஹெர்பீஸ் வைரஸை மட்டும் தேர்ந்து தாக்குவது ஏன் என்று 1970-களில் எலியனின் குழு துருவிக் கண்டுபிடித்தது. 1988-ல் அவருக்கு நோபல் பரிசு. அசைக்ளோவிர் வரும்வரை வைரஸுக்கு மருந்து என்றாலே நோயாளியின் செல்லையும் சேர்த்துக் கொல்லும் நஞ்சு என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து, நம் செல்லின் சாமான்களை வைத்தே பிழைப்பதால், அதை மட்டும் எப்படி அடிப்பது?

தோவாளைப் பூச்சந்தையில் மாலை கட்டுகிறவர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வைரஸ் பெருக வேண்டுமானால் தன் டிஎன்ஏவைப் படியெடுக்க வேண்டும். டிஎன்ஏ ஒரு மாலை. நான்கு வகைப் பூக்கள். ஒரு வித்தியாசம், இங்கே நார் தனியாக இல்லை. ஒவ்வொரு பூவின் காம்பில்தான் அடுத்த பூவைக் கட்ட வேண்டும். அசைக்ளோவிர் அந்த நான்கில் ஒரு பூவைப் போலவே இருக்கும் போலிப் பூ, காம்பு மட்டும் கிடையாது. வைரஸின் கை அதை நிஜமென்று எடுத்து மாலையில் சேர்த்துவிடும். அடுத்த பூவைக் கட்டக் காம்பைத் தேடினால் இருக்காது. மாலை அந்த இடத்தில் அறுந்த மாதிரி நின்றுபோகும்.

அப்படியானால் நம் செல்லின் மாலையும் நிற்காதா? இங்கேதான் சூட்சுமம். மாத்திரையாக உள்ளே போகும்போது அந்தப் போலிப் பூ மூடிய பொட்டலமாக இருக்கிறது. அதைப் பிரிக்கும் முதல் முடிச்சை அவிழ்க்கத் தைமிடின் கைனேஸ் என்ற நொதி வேண்டும். அக்கி வைரஸும் ஹெர்பீஸ் குடும்பத்தில் அதற்கு நெருங்கிய வைரஸ்களும் தங்களுக்கென்று அந்த நொதியைச் செய்துகொள்கின்றன. நம் செல்லின் நொதி இந்த முடிச்சை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆக, வைரஸ் புகுந்த செல்லில் மட்டும் பொட்டலம் பிரிகிறது, மற்ற செல்லில் பிரியாமலே சிறுநீரோடு போய்விடுகிறது. தனக்கு விஷத்தைத் தானே கலக்கிக்கொள்ளும் வைரஸ்.

இந்த மருந்தைப் பற்றி மக்கள் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் இந்த மாலையிலேயே பதில் இருக்கிறது. மாத்திரை வைரஸைக் கொல்வதில்லை, படியெடுப்பதை நிறுத்துகிறது. முதல் மூன்று நாளில்தான் படியெடுப்பு மும்முரமாக நடக்கும். அதன் பிறகு, செய்ய வேண்டிய சேதத்தை வைரஸ் செய்து முடித்திருக்கும். அறுக்க மாலையே இருக்காது. புதிதாகக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால், கண்ணோரம் வந்திருந்தால், எதிர்ப்புச் சக்தி குறைந்தவராக இருந்தால், மூன்று நாள் தாண்டியும் டாக்டர் தொடங்குவார். நரம்பு முடிச்சில் உறங்கும் வைரஸோ மாலையே கட்டுவதில்லை. அதனால் அதை இந்த மாத்திரை தொட முடியாது. ஹெர்பீஸை 'வேரோடு ஒழிக்கும்' என்று எந்த விளம்பரம் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஹெர்பீஸ் என்ற பெயர் இங்கே இரண்டு நோய்க் கூட்டத்துக்குப் பொது. ஒன்று அக்கி. மற்றது உதட்டோரம், வாயில், பிறப்புறுப்பில் அடிக்கடி வந்துபோகும் சிறு கொப்புளம். ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ், வகை 1, வகை 2. இரண்டுக்கும் அசைக்ளோவிர்தான். ஆனால் அளவு ஒன்றில்லை. அக்கி வைரஸ் இந்த மருந்துக்கு அவ்வளவு எளிதில் மசியாது. சிம்ப்ளெக்ஸ் முதல் தடவை வந்தவருக்கு 400 மில்லிகிராம் ஒரு நாளைக்கு மூன்று வேளை எழுதும் டாக்டர், அக்கிக்கு 800 மில்லிகிராம் ஐந்து வேளை எழுதுவார். நாளைக்கு 1,200 எங்கே, 4,000 எங்கே! பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த அட்டையைக் கொடுத்து, "எனக்கு இதுலதான் சரியாச்சு" என்று சொல்லும் அன்பு இங்கேதான் தவறுகிறது. அவருக்கு வந்தது உதட்டுப் புண், உங்களுக்கு வந்திருப்பது அக்கி.

ஐந்து வேளை என்பது சாதாரணக் காரியமில்லை. ஏழு நாளைக்கு 35 மாத்திரை. காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. விடியுமுன் செங்கல் சூளைக்குப் போகிறவர் பத்து மணி மாத்திரையையும் இரண்டு மணி மாத்திரையையும் விழுங்க மறப்பதில் ஆச்சரியம் இல்லை. ஏன் இப்படிப் படுத்துகிறது என்றால், விழுங்கும் அசைக்ளோவிரில் ரத்தத்தில் சேர்வது 15 முதல் 20 சதவீதம்தான். சேர்ந்ததும் சில மணி நேரத்தில் வெளியேறுகிறது. இந்தக் குறையைத் தீர்க்க, அசைக்ளோவிரோடு வேலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டிச் செய்ததுதான் வாலசைக்ளோவிர். குடல் அதை உணவுச் சத்து என்று எண்ணி உள்ளே விடுகிறது; பாதிக்கு மேல் ரத்தத்தில் சேர்கிறது. அக்கிக்கு 1 கிராம் மூன்று வேளை, ஏழு நாளைக்கு 21 மாத்திரை. ஃபாம்சைக்ளோவிர் என்று இன்னொன்றும் இதே வசதியில் இருக்கிறது. ஐந்து வேளை தம்மால் முடியாது என்று தெரிந்தவர் அதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிட்டால் அவர் மாற்றி எழுதிவிடுவார். மூன்றாம் நாள் எரிச்சல் தணிந்ததும் நிறுத்திவிட்டு மிச்சத்தை அலமாரியில் வைக்கிறவர்கள்தான் அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுக்கு அட்டை கொடுக்கிறார்கள்.

எங்கள் ஊருக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பொட்டலம் பிரியாமல் போன அசைக்ளோவிர் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாக உறைந்து அடைத்துக்கொள்ளும். சூளைச் சூட்டில் நிற்கிறவர், காய்ந்த காற்றில் நாள் முழுக்க வயலில் குனிகிறவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். கூடவே அக்கி வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டால் சிறுநீரகத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆகவே இந்த மாத்திரை எழுதும் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது: சர்க்கரை, பிரஷர், கிட்னி கோளாறு உண்டா, டயாலிசிஸ் நடக்கிறதா, வேறென்ன மாத்திரை ஓடுகிறது. கிட்னி பழுதானவருக்கு வேளையையும் அளவையும் குறைத்துத்தான் தர வேண்டும். இதற்குத்தான் சீட்டு வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

குறைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு விசித்திரமான உதாரணம். மருந்து வெளியேறாமல் தேங்கும்போது மூளையைக் குழப்பும். வயதானவர் திடீரென்று உளறுவார், இல்லாததைப் பார்ப்பார், கை கால் நடுங்கும். சிலர் தாம் செத்துவிட்டதாகவே சொன்னதாக மருத்துவப் பதிவுகள் உண்டு. முப்பந்தல் இசக்கியம்மன் எல்லைக்குள் வாழ்கிறவர்கள் நாங்கள். மாத்திரை தின்ற மூன்றாம் நாள் தாத்தா, "நான் செத்தாச்சு, எடுத்து வைங்க" என்று சொன்னால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மாத்திரையை நிறுத்தி ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இந்தக் குழப்பம் சில நாளில் தெளிந்துவிடும். தேவைப்பட்டால் டயாலிசிஸில் மருந்தை வெளியேற்றலாம்.

இதெல்லாம் பயமுறுத்தச் சொன்னதில்லை. சிறுநீரகம் நல்லபடி இருக்கிறவருக்கு இது மிகவும் சாதுவான மாத்திரை. தலைவலி, குமட்டல் வரலாம், அவ்வளவுதான். கர்ப்பிணிகளுக்கும் வேண்டியபோது டாக்டர்கள் தருகிறார்கள். பிறப்புறுப்பு ஹெர்பீஸ் அடிக்கடி வரும் பெண்ணுக்குப் பிரசவத்துக்கு முன் 36-ம் வாரத்திலிருந்து தருவதுண்டு, பிறக்கும் குழந்தைக்குத் தொற்றக் கூடாதென்று.

பிறப்புறுப்பு என்று எழுதியதும் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி 15 முதல் 49 வயதுக்குள் 52 கோடிப் பேரிடம் வகை 2 வைரஸ் இருக்கிறது. வகை 1, ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேரிடம். பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. ஒருவருக்கு இன்று புண் வந்தது என்பதால் நேற்றுத் தவறு நடந்தது என்று அர்த்தமில்லை. பல வருஷம் உறங்கியது இன்று எழுந்திருக்கலாம். இந்த ஒரு தகவல் தெரியாமல் உடைந்த குடும்பங்கள் உண்டு. அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவில் இதற்கு இலவசமாக ஒரு சிவப்புப் பெட்டி தருகிறார்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ஒவ்வொரு வகை நோய்க்கும் ஒரு நிறப் பெட்டி வைத்திருக்கிறது. சிவப்பு ஹெர்பீஸ் புண்ணுக்கு. உள்ளே 400 மில்லிகிராம் அசைக்ளோவிர், 21 மாத்திரை, மூன்று வேளை, ஏழு நாள். பெயர் கேட்டு, நிறம் பார்த்து மிரள வேண்டாம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார் என்று பயந்து, மெடிக்கலில் ரகசியமாகக் களிம்பு வாங்கித் தடவுகிறவருக்குக் காசுதான் கரையும். உள்ளே நரம்பிலிருந்து வருவதற்கு மேலே தடவும் களிம்பு எட்டாது. அதைவிடக் கெடுதல், அரிப்புக்கென்று தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. அது உடம்பின் காவலைக் குறைத்து வைரஸுக்கு வழிவிடும்.

அடிக்கடி, வருஷத்துக்கு ஆறு தடவைக்கு மேல் வருகிறவர்களுக்குத் தினமும் குறைந்த அளவில் நீண்டநாள் தருவதுண்டு. தினமும் ஒரு வாலசைக்ளோவிர் எடுத்துக்கொண்டவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2004-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பாதிதான், முழுதுமில்லை. ஆணுறையும், புண் இருக்கும் நாளில் விலகியிருப்பதும் அப்போதும் வேண்டும்.

கண் விஷயத்தில் மட்டும் நேரத்தை நாளில் எண்ணக் கூடாது, மணியில் எண்ண வேண்டும். நெற்றியில் ஒரு பக்கம் அக்கி வந்து, மூக்கு நுனியிலும் கொப்புளம் தெரிந்தால், அதே நரம்பின் கிளைதான் கண்ணுக்கும் போகிறது என்பதால் அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். சிவந்த கண்ணுக்குக் கடையில் தாமாகச் சொட்டு மருந்து வாங்குவது, அதில் ஸ்டீராய்டு இருந்தால், சிம்ப்ளெக்ஸ் வந்த கருவிழியைத் தழும்பாக்கிப் பார்வையையே வாங்கிவிடும். காய்ச்சலோடு பேச்சு குழறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் போவது, வலிப்பு என்றால் அது மூளைக்குப் போன ஹெர்பீஸாக இருக்கலாம். அதற்கு மாத்திரை போதாது; ஆஸ்பத்திரியில் நரம்பு ஊசியாக இரண்டு மூன்று வாரம் ஏற்ற வேண்டும்.

பெரியவர்களுக்கு வரும் சின்னம்மையையும் இங்கே விட்டுவிட முடியாது. வெப்ப நாடுகளில் சின்ன வயதில் தப்பி, இருபது முப்பதில் சின்னம்மை வாங்குகிறவர்கள் அதிகம். அந்த வயதில் நுரையீரல் வரை போகும். அம்மைக்கு மருந்து கொடுத்தால் அம்மன் கோபிப்பாள் என்று காத்திருப்பதற்குப் பதில், கொப்புளம் தெரிந்த முதல் நாளே மாத்திரை தொடங்கினால் நோயின் வேகம் குறையும். வேப்பிலையை எடுக்கச் சொல்லவில்லை. அது வாசலில் இருந்தால் வெளியாட்கள் உள்ளே வரமாட்டார்கள். தொற்று நோய்க்கு அது நல்ல ஏற்பாடுதான்.

சித்திக்கு நாலாம் நாள் டாக்டர் வலிக்குத்தான் மருந்து எழுதினார். புதுக் கொப்புளம் நின்றிருந்தது. மூன்று வாரத்தில் தோல் ஆறி, காவியும் போய், லேசான தழும்பு மட்டும் மிஞ்சியது. வலி போகவில்லை. அக்கி ஆறி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இந்த நரம்பு வலி வயதானவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். முதல் நாளே மாத்திரை தொடங்கியிருந்தால் இது வந்தே இருக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆய்வுகளே அப்படி உறுதி தரவில்லை. ஆரம்ப வலி குறையும், கொப்புளம் சீக்கிரம் ஆறும் என்பதில் சந்தேகமில்லை. பின்வலியைத் தடுக்க நம்பகமானது தடுப்பூசி. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு ஊசி. 2023-ல் இந்தியாவுக்கு வந்தது. விலை சூளைக் கூலிக்காரர் எட்டும் உயரத்தில் இல்லை.

சேதப்பட்ட நரம்பு தொடுகையையே வலியாக மூளைக்குச் சொல்லும். துணி பட்டாலும் எரியும், காற்று பட்டாலும் எரியும். கணவாய் ஊர் எங்களுடையது; வைகாசி முதல் ஆவணி வரை மலைகளுக்கு நடுவே புகுந்து வரும் காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆடி மாதத்தில் சித்தி மேற்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, வலது விலாவைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போன தடவை போனபோது கதவைத் திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்தது. "சாத்து மக்கா, சாத்து" என்றாள்.